கைமுதல் கணக்கு

அமெரிக்காவில் சிறு கம்பெனி நடத்தும் பிள்ளைகள் நம் புதுவைக் குடும்பங்களிலும் உண்டு. அவர்கள் பேச்சில் "எஸ் கார்ப்பரேஷன்", "பேஸிஸ்" என்ற சொற்கள் உங்கள் காதில் விழுந்திருக்கலாம். அவற்றின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அங்கே சாதாரணக் கம்பெனி தன் லாபத்துக்கு வரி கட்டும். அதே லாபத்தை டிவிடெண்டாகப் பெறும் பங்குதாரரும் மறுபடி வரி கட்டவேண்டும். சிறு வியாபாரிக்கு இது பெரும் பாரம். 1958இல், ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்தபோது, வருமானவரிச் சட்டத்தில் "எஸ்" என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். 10 பங்குதாரர்களுக்கு மேற்படாத கம்பெனி விரும்பினால், லாபநஷ்டம் நேரே பங்குதாரர் கணக்குக்குப் போகும். இன்று அந்த வரம்பு 100 பேர்.

இங்கேதான் பேஸிஸ் வருகிறது. அது பங்குதாரரின் கைமுதல். பிரெஞ்சில் படித்த நமக்கு "அப்போர்" என்றால் விளங்கும். ஆனால் அப்போர் போட்ட அன்றே நின்றுவிடும். பேஸிஸ் வருடாவருடம் நகரும்.

ஒருவர் 10,000 டாலர் போடுகிறார். அவர் பங்குக்கு 4,000 லாபம், கைமுதல் 14,000. அதில் 3,000 எடுத்துக்கொண்டால் 11,000. மறுவருடம் 15,000 நஷ்டம் என்றால், 11,000 வரைதான் தன் மற்ற வருமானத்தில் கழிக்கலாம். கைமுதல் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. கம்பெனி வாங்கிய வங்கிக் கடனுக்கு வெறும் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அது ஏறாது. சொந்தப் பணத்தைக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்திருந்தால், அதற்கென்று தனிக் கணக்கு உண்டு.

மீதி 4,000 என்ன ஆகும்? 1958 சட்டப்படி அது போனது போனதுதான். எத்தனையோ பேர் உண்மையாகவே நஷ்டப்பட்டும் வரியில் ஆறுதல் பெறவில்லை. 1982இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம்தான் அந்த மீதியைப் பின்வரும் வருடங்களுக்குக் கொண்டுபோக இடம் கொடுத்தது.

பிறகு ஒரு வேடிக்கை. கொலராடோவில் நொடித்துப்போன ஒரு கம்பெனிக்கு 1991இல் 20 லட்சம் டாலருக்கு மேல் கடன் தள்ளுபடி ஆயிற்று. நொடித்த நிலையில் அதற்கு வரி இல்லை. ஆனாலும் அது வருமானம்தான், எங்கள் பேஸிஸ் ஏறவேண்டும் என்றார்கள் பங்குதாரர்கள். ஏறினால், தொங்கிக்கொண்டிருந்த பழைய நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளலாம் அல்லவா! கிட்லிட்ஸ் வழக்கு என்ற பெயரில் அது உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2001 ஜனவரியில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பங்குதாரர்கள் ஜெயித்தார்கள். மறுவருடமே காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைத்தது.

இந்தக் கணக்கை எழுதி வைப்பது கம்பெனியின் வேலை அல்ல, பங்குதாரரின் பொறுப்பு. 2021 வரி ஆண்டு முதல், நஷ்டம் கழிப்பவரும் பணம் எடுப்பவரும் 7203 என்ற படிவத்தை இணைக்கவேண்டும். பழைய வருடத்துத் தாள் தொலைந்தால் கழிவை நிரூபிப்பது பெரும்பாடு.

நமக்கும் இதில் ஒன்று உண்டு. பாசத்தில் பிள்ளை ஒரே ஒரு பங்கை ஊரிலிருக்கும் அப்பா பேரில் எழுதினாலும் ஆபத்து. அமெரிக்கக் குடிமகனாகவோ, அங்கே வசிப்பவராகவோ இல்லாதவர் பங்குதாரர் ஆனால், கம்பெனி அந்த "எஸ்" தகுதியையே இழந்துவிடும். அப்படி எழுதித் தருவதாகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.