மதுமேகமும் அஸ்தி பலமும்

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு இணைந்தபோது, மயில்கள் உலவும் குன்றின்மேல் சண்முகநாதர் எழுந்தருளியிருக்கும் விராலிமலையும் மாகாண ஆட்சிக்குள் வந்தது. அதே ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு கண்டதும், தென்னாட்டு மக்களின் தேக க்ஷேமத்தைப் பொறுத்தவரை, அதற்குக் குறைந்த சம்பவமன்று என்பது என் துணிபு.

பெற்றோரின் பீஜ தோஷத்தால் பிறவியிலேயே அமைவது, தகாத ஆகாரத்தால் பின்னர் வருவது என நீரிழிவாகிய மேகநோயைப் பண்டை ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் அன்றே இரண்டாகப் பகுத்திருந்தார். அப்பாகுபாட்டின் முற்பாதியையே விசுவநாதனும் அவர் குழுவினரும் நவீன முறையில் ஆராய்ந்து, தாய் தந்தை இருவரும் நீரிழிவுடையவராயின் மக்களிடத்தும் அது மிகுதியாகத் தோன்றுவதை 1985-இல் வெளியிட்டனர்.

எலும்பின் சரித்திரம் வேறு. நீரிழிவுற்ற சிறாரின் அஸ்தி நலிவதை மேல்நாட்டார் 1927-இலேயே குறித்தனர். ஆனால் பெரியோர்க்கு வரும் இரண்டாம் வகையிலோ, கருவியிட்டு அளந்தால் எலும்பின் அடர்த்தி குறையாமலும் சில வேளை கூடுதலாகவும் இருக்க, முறிவு மட்டும் அதிகமாக நேர்வது மருத்துவர்களை நெடுநாள் திகைக்கவைத்தது. மிகுந்த சர்க்கரை எலும்பின் புரதநாரில் ஒட்டி அதன் உறுதியைக் கெடுப்பது ஒரு காரணம். பரம்பரையின் பங்கும் உண்டோ என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. ஏனெனில், 2006-இல் நீரிழிவோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட டிசிஎஃப்7எல்2 என்னும் மரபணு செயற்படும் சமிக்ஞைப் பாதையே எலும்பின் ஆக்கத்தையும் ஆளுகிறது.

முருகனுக்குச் சுருட்டு நிவேதிக்கும் அபூர்வ வழக்கமுள்ள விராலிமலைப் பக்கத்துப் புருஷர்கள், நீரிழிவோடு புகையிலையும் சேர்ந்தால் எலும்பு இன்னும் நலியும் என்பதை அறிதல் வேண்டும். அஸ்தி நலிவைப் பெண்களுக்கே உரியதாக எண்ணிப் பழகியதால், ஆண்களை அதற்கெனச் சோதிப்பது அரிதாயிருப்பது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது.