பெருந்தொற்றுக்கால உள்ளாட்சி அவசர உதவி (அமெரிக்கா)

கோவிட் காலத்தில் சிறுதொழில்களுக்கும் வாடகைதாரர்களுக்கும் அமெரிக்க நகரங்களும் கவுண்டிகளும் வழங்கிய நிதியுதவி. 2020 மார்ச்சில் வந்த கேர்ஸ் சட்டம் 15,000 கோடி டாலர் நிவாரண நிதியை உருவாக்கியது. மாநிலங்களோடு, ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகளும் அதில் நேரடியாகப் பங்கு பெற்றன. தொழில்களுக்கான மத்திய அரசுக் கடன் திட்டத்தின் முதல் ஒதுக்கீடான 34,900 கோடி டாலர் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்தது. வங்கித் தொடர்பு இல்லாத சலூன்களும் சிறு உணவகங்களும் பின்தங்கியதால், உள்ளாட்சிகளின் சிறு மானியங்களுக்குத் தேவை எழுந்தது.

பணம் இருந்தால் போதும் என்ற எண்ணத்தை வாடகை உதவி பொய்யாக்கியது. இரண்டு சட்டங்கள் வழியே சுமார் 4,650 கோடி டாலர் ஒதுக்கியும், 2021 ஜூலை இறுதிவரை ஏறத்தாழ 510 கோடிதான் செலவாயிற்று. வருமானச் சான்று, ஒப்பந்தப் பத்திரம், வீட்டு உரிமையாளரின் ஒத்துழைப்பு என நிபந்தனைகள் குவிந்திருந்தன. வாய்மொழியாக வாடகைக்கு இருப்பவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்? ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வாடகைதாரர்களை வெளியேற்றுவதற்கு இருந்த தடையை நீக்க, விண்ணப்பதாரரின் சுய உறுதிமொழியையே ஏற்கலாம் எனக் கருவூலத் துறை அதே வாரம் வலியுறுத்தியது. அதன்பின் வழங்கல் வேகமெடுத்தது.

வாடகை உதவியில் சுய உறுதிமொழியை ஏற்பது மோசடிக்கு வழிவிடும் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் இவ்வுதவி வாடகை, மின்கட்டணம் போன்றவற்றுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பெரும்பாலும் உரிமையாளருக்கே நேராகச் சென்றது. தொழில் கடனைப் போல மொத்தத் தொகை பொதுவாக விண்ணப்பதாரர் கைக்கு வரவில்லை. மோசடியைப் பின்னர் தணிக்கையில் பிடிக்கலாம். தெருவுக்கு வந்த குடும்பத்துக்குத் தாமதமான காசோலை வீட்டை மீட்டுத் தராது.