மரைக்குள் மறைந்திருக்கும் உராய்வு

உராய்வு நமக்கு நண்பனா, பகைவனா? இளையரசனேந்தல், கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் இக்கேள்விக்கு இரண்டு விடைகளும் கிடைக்கும். தீக்குச்சியைப் பெட்டியில் உரசினால் தீப்பற்றுகிறது. அந்த உராய்வை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. வண்டி அச்சிலோ உராய்வைக் குறைப்பதற்காக மசகு இடுகிறோம். ஒரே பொருளில் நண்பனாகவும் பகைவனாகவும் உராய்வைக் காண வேண்டுமா? ஒரு போல்ட்டையும் நட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கோண முக்கோணமாக வெட்டிய தாளைப் பென்சிலின் மேல் சுற்றினால் அதன் சாய்ந்த விளிம்பு மரை போலத் தோன்றும். ஆம், மரை என்பது உருளையின் மேல் சுற்றப்பட்ட சாய்தளமே. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண போல்ட்டில் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏற்றம் உண்டு. இதன் சரிவு ஏறக்குறைய 3 பாகைதான். உராய்வுக் குணகம் 0.12 என்றால், சரிவு 7 பாகையை நெருங்கினால்தான் பொருள் தானாக வழுக்கும். ஆகவே முறுக்கிய நட்டு தானாகத் திரும்பி வருவதில்லை. இங்கே உராய்வு நண்பன்.

ஆனால் இந்த நட்புக்கு விலை உண்டு. ஸ்பேனரில் நாம் செலவிடும் முயற்சியைப் பத்துப் பங்காக்கினால், ஏறத்தாழ ஐந்து பங்கு நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், நான்கு பங்கு மரையின் உராய்விலும் போய்விடுகின்றன. மீதி ஒரு பங்குதான் போல்ட்டைச் சிறிதளவு நீட்டுகிறது. நீண்ட போல்ட் சுருள்வில் போலச் சுருங்க முயன்று தகடுகளை இறுக்கிப் பிடிக்கிறது. நமக்குத் தேவையானது இந்த இழுவிசைதான்.

உராய்வின் விதிகளைப் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லியனார்டோ டாவின்சி தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். அவை அன்று வெளியாகவில்லை. 1699-இல் பிரெஞ்சு நாட்டு அமோன்டன் அவற்றை மீண்டும் கண்டறிந்தார். 1781-இல் கூலும் விரிவான சோதனைகள் செய்து பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். மின்னூட்டங்களின் விசை பற்றிய விதியால் மாணவர்கள் அறிந்த அதே கூலும்தான்!

விதி கிடைத்தும் பட்டறைகளுக்கு உடனே பயன் கிட்டவில்லை. ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. 1841-இல் இங்கிலாந்தில் விட்வொர்த் 55 பாகை மரையையும், 1864-இல் அமெரிக்காவில் செல்லர்ஸ் 60 பாகை மரையையும் பொது அளவாக முன்வைத்தனர். மரையின் வடிவம் ஒழுங்குபட்டது. இறுக்குவது மட்டும் தொழிலாளியின் கைப்பக்குவத்திலேயே நின்றது.

கைப்பக்குவத்தை நம்பிப் பெரும் பாலங்களைக் கட்டப் பொறியாளர்கள் தயங்கினர். சிவக்கக் காய்ச்சிய ரிவெட் ஆணியை அடித்துப் பொருத்தினால், அது குளிரும்போது சுருங்கித் தானே தகடுகளைக் கவ்விக்கொள்ளும். 1943-இல் திறக்கப்பட்ட கல்கத்தா ஹௌரா பாலம் நட்டு, போல்ட் இன்றி ரிவெட் ஆணிகளாலேயே இணைக்கப்பட்டது.

இதற்குள் காற்று மாறத் தொடங்கியிருந்தது. போதிய அளவு இறுக்கிய உயர்வலிமை போல்ட்டுகள், தகடுகளுக்கிடையே உள்ள உராய்வினாலேயே இணைப்பை வழுக்காமல் காக்கும் என்று 1934-இல் இங்கிலாந்தில் பாத்தோ, பேட்மன் ஆகியோர் காட்டினர். 1951-இல் அமெரிக்காவில் இத்தகைய போல்ட்டுகளுக்கான முதல் நெறிமுறை வெளியாயிற்று. விந்தையைக் கவனியுங்கள்: தகடுகளின் நடுவே உராய்வு மிகுதியாக வேண்டும், அதே இணைப்பின் மரையில் உராய்வு குறைவாகவும் ஒரே சீராகவும் வேண்டும்!

சீராக இல்லாவிட்டால் என்ன ஆகும்? கணக்கிட்டுப் பார்ப்போம். திருப்புவிசையை விட்டத்தாலும் ஒரு குணகத்தாலும் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். மசகில்லாத எஃகுக்கு இக்குணகம் சுமார் 0.2. நம் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 50 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை தருவோம். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் ஏறத்தாழ 20 கிலோ எடையளவு அழுத்தினால் இது கிடைக்கும். விளையும் இழுவிசை 25,000 நியூட்டன், அதாவது சுமார் இரண்டரை டன் எடை. நல்ல மசகு இட்டுக் குணகம் 0.1 ஆகக் குறைந்தால், அதே கை அழுத்தத்துக்கு 50,000 நியூட்டன்! 8.8 தர போல்ட் 46,000 நியூட்டன் அளவிலேயே அறுந்துவிடும். மாறாக, மரையில் துரு ஏறியிருந்தால் கை ‘இறுகிவிட்டது’ என்று சொல்லும். போல்ட் தளர்ந்தே இருக்கும். லாரிச் சக்கரத்தில் இப்படி நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

மோட்டார் தொழில் வளர்ந்தபோது இச்சிக்கல் பெரிதாயிற்று. சென்னை பாடியில் 1960-களில் சுந்தரம் பாஸ்னர்ஸ் தொடங்கப்பட்டது. இத்தொழில் நம் மாநிலத்திலும் வேரூன்றியது. போல்ட் துருப்பிடிக்காதிருக்கப் பூசும் உலோகமே உராய்வையும் நிர்ணயிக்கிறது. காட்மியப் பூச்சு குறைந்த, சீரான உராய்வைத் தந்தது; ஆனால் அது நஞ்சு. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப்பகுதியில் எலும்பை முறித்த ‘இத்தாய் இத்தாய்’ நோய்க்குக் காட்மியமே காரணம் என்று 1968-இல் அந்நாட்டு அரசு ஏற்றது. துத்தநாகப் பூச்சின் மேல் இட்ட மஞ்சள் குரோமேட்டிலும் ஆறிணைதிறக் குரோமியம் என்ற நஞ்சு இருந்தது. மோட்டார் வண்டிகளில் இவ்விரண்டையும் விலக்க ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் ஆணையிட்டது. குரோமியத் தடை 2007 ஜூலையில் முழுமையாக நடப்புக்கு வந்தது.

பூச்சு மாறியதும் உராய்வும் மாறியது. பழைய திருப்புவிசை அட்டவணைகள் பொருந்தவில்லை. ஆகவே மசகு கலந்த மேற்பூச்சு இட்டு, உராய்வுக் குணகத்தை 0.09-க்கும் 0.14-க்கும் இடைப்பட்டது போன்ற குறுகிய எல்லைக்குள் நிறுத்துகின்றனர். இதை அளக்கும் பன்னாட்டு முறை 2005-இல் வெளியாயிற்று. மற்றொரு வழியும் உண்டு. தகடுகள் நன்கு பொருந்தும்வரை இறுக்கிவிட்டு, பின்னர் நட்டைக் குறிப்பிட்ட கோணம் திருப்புவது. ஒரு சுற்றின் ஏற்றம் மாறாதாகையால், உராய்வு எப்படியிருந்தாலும் நீட்சி ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

இனி, டிராக்டர் சக்கரத்தையோ கிணற்று மோட்டாரையோ பூட்டும்போது ‘ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நல்லதுதானே’ என்று தோன்றினால், முதலில் கையேட்டைப் பாருங்கள். அதிலுள்ள எண் உலர்ந்த மரைக்கா, மசகிட்ட மரைக்கா என்று அறிந்த பின்பே ஸ்பேனரை எடுங்கள்.