கைமருந்துச் செடிகள்: பெயருக்கு அப்பால்

1. ஆய்வின் எல்லை

தமிழகத்து வீடுகளில் கைமருந்து என்பது பெரும்பாலும் ஒரு செடியின் பெயரும் ஒரு நோயின் பெயரும்தான்: காமாலைக்குக் கீழாநெல்லி, சளிக்கு ஆடாதோடை, கைக்குழந்தையின் வயிற்று உபாதைக்கு வசம்பு. எந்த இனம், எந்தப் பக்குவம், என்ன அளவு, யாருக்குக் கூடாது என்பவை வாய்வழியாக வரும்போதே உதிர்ந்துவிடுகின்றன. அப்படி உதிர்ந்தவற்றில்தான் மருந்தின் பாதி இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. கீழாநெல்லி

2.1 செடி

மழைக்குப் பின் வரப்பிலும் கொல்லையிலும் தானே முளைப்பது. இலைகளின் அடியில் வரிசையாகக் காய் பிடிக்கும். நம் நூல்களில் நெடுங்காலம் இதற்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயர் வழங்கியது. நிரூரியோ அமெரிக்கக் கண்டத்துக்குரிய இனம். இங்கே பெரும்பாலும் பறிக்கப்படுவது ஃபில்லாந்தஸ் அமரஸ். தண்டில் செம்மை படர்ந்த ஃபில்லாந்தஸ் யூரினேரியாவும் அதே வரப்பில் நிற்கும். ஆகவே பழைய ஆய்வு எதைப் படித்தாலும், ஆய்வாளர்கள் பறித்தது எந்தச் செடி என்ற கேள்வி முதலில் எழ வேண்டும்.

2.2 நோய்

காமாலை தனி நோயன்று, அறிகுறி. ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வருவது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். கீழாநெல்லியை அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் குடித்தவர் தேறினார் என்பது உண்மையே, குடிக்காதவரும் தேறியிருப்பார். வீட்டு அனுபவம் எவ்வளவு நீண்டதானாலும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. பித்தக்கல் அடைத்து வந்த காமாலை வேறு வகை. அங்கே மோரும் பத்தியமுமாகக் காத்திருப்பது ஆபத்து.

2.3 சோதனை

செடிக்கு உலகப் புகழ் வந்தது சென்னையிலிருந்துதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க் ஆகியோர் அடங்கிய குழு 1988-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் ஃபில்லாந்தஸ் அமரஸ் தரப்பட்டது. 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆனால் 1990-இல் தாய்லாந்திலிருந்து வெளியான ஆய்வில் அத்தகைய பலன் கிட்டவில்லை. செடி விளைந்த மண்ணா, பறித்த பருவமா, முதல் ஆய்வின் சிறிய எண்ணிக்கையா என்ற விவாதம் தொடர்ந்தது.

என் பார்வையில் அதைவிட முக்கியமானது ஒன்று. சென்னை ஆய்வு சோதித்தது காமாலையை அன்று. கிருமியை நாட்பட்டுச் சுமப்பவர்களில் பலருக்குக் கண்ணில் மஞ்சளே இராது. வீட்டில் கையாண்டது ஒரு சிக்கல், ஆய்வகம் கையாண்டது வேறொன்று. ஆயினும் பத்திரிகைகளும் மருந்துக் கடைகளும் முன்னதற்குப் பின்னதைச் சான்றாக்கிவிட்டன.

3. ஆடாதோடை

இங்கே சான்று தெளிவானது. இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே ப்ரோம்ஹெக்சின் உருவானது. இன்றைய இருமல் மருந்துகள் பலவற்றில் இருக்கும் அம்ப்ராக்சால் அதன் வழிவந்தது. இரண்டும் கெட்டிச் சளியை இளக்குபவை. ஆனால் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் உடையது. எனவே கர்ப்பிணிக்கு ஆடாதோடைக் கஷாயம் கூடாது. மிளகும் தேனும் சேர்க்கச் சொல்பவர்கள் இதைச் சொல்வது அரிது.

4. வசம்பு

வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது வழக்கம். இதன் கிழங்கிலுள்ள பீட்டா அசரோன் ஆய்வக எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. வட அமெரிக்காவில் இயல்பாக வளரும் வகையில் அந்தப் பொருள் இல்லை. நம் நாட்டு வசம்பில் மிகுதி. சுடுவதால் அது எவ்வளவு குறையும் என்பது சுடுகிற கையைப் பொறுத்தது: உள்வரை கரியானதும் மேலே மட்டும் கருகியதும் ஒன்றல்ல. அளவைக் குறிக்க வழியில்லாத இந்த மருந்தைக் கைக்குழந்தையின் வாயில் வைக்காமல் விடுவதே சரி.