படி தாண்டியவர்களின் நகரம்

பிரெஞ்சு ஆல்ப்ஸில், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஏரியின் வடமுனையில் இருக்கிறது ஆன்சி. ஏரி நீர் தியூ என்னும் சிற்றாறாகப் புறப்பட்டு, பழைய நகரின் வீட்டுச் சுவர்களை உரசிக்கொண்டு ஓடுகிறது. ஆற்றின் நடுவே கப்பல் முகப்பைப்போல் கூர்ந்து நிற்கும் கல்மாளிகை, நீதிமன்றமாகவும் சிறையாகவும் இருந்தது. மேட்டில் கோட்டை, கீழே தூண்வரிசைத் தெருக்கள். பயணக் கையேடுகள் இதை ‘ஆல்ப்ஸின் வெனிஸ்’ என்கின்றன. நானோ இதை வாசற்படி தாண்டிய பெண்களின் ஊராகவே வாசிக்கிறேன். நம் மொழியில் ‘படி தாண்டியவள்’ என்பது வசை. ஆன்சியின் வரலாற்றில் அந்த வசைக்குரியவர்கள் மூவர். அவர்களில் இருவர் கன்னியாஸ்திரிகள்.

1535இல் ஜெனீவா சீர்திருத்தக் கிறித்தவத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த புனித கிளாரா மடத்துப் பெண்களை, வெளியே வந்து மணம் செய்துகொள்ளுமாறு வற்புறுத்தினார்கள். அப்படி வந்து பேசியவர்களில் மரி தாந்தியேர் என்ற பெண்ணும் உண்டு. முன்னாள் துறவி, சீர்திருத்த இயக்கத்தின் எழுத்தாளர். மடத்துப் பெண்கள் மறுத்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் ஊரைவிட்டு வெளியேறி ஆன்சியில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களுள் ஒருவரான ழான் தெ ழுஸி அனைத்தையும் எழுதிவைத்தார். நெடுங்காலம் வெளியுலகைக் காணாத சகோதரிகள், வழியில் மேய்ந்த பசுக்களைக் கரடிகள் என்று அஞ்சியதையும் அவர் விடவில்லை. 1561இல் அவர் இறந்தார். அந்த நூல் அச்சேறியது 1611இல்.

மடத்தைச் சிறையென்றும் வெளியேற்றத்தை விடுதலையென்றும் எழுதிவிடுவது நமக்கு எளிது. ழுஸி அதற்கு இடம் தருவதில்லை. கதவைத் திறப்பதா மூடுவதா என்று முடிவுசெய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே அவர் நம்மிடம் விட்டுச்செல்லும் கேள்வி.

அடுத்தவர் ழான் தெ ஷாந்தால். 1601இல் வேட்டை விபத்தொன்றில் கணவரை இழந்தவர். 1610இல் துறவுக்காகத் திஜோனிலிருந்து கிளம்பியபோது, 14 வயது மகன் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டான். அழுதபடியே அவனைத் தாண்டிப் போனார். ஆன்சியில் பிரான்சிஸ் சலேசியாருடன் சேர்ந்து அவர் தொடங்கிய சபைக்கு, கருவுற்ற மரியாள் எலிசபெத்தைத் தேடிச் சென்ற சந்திப்பின் பெயரையே வைத்தார்கள். வயதாலும் நோயாலும் பிற மடங்கள் ஏற்காத பெண்களுக்கும் அங்கே இடமிருந்தது. அவர்கள் தெருவில் இறங்கி, நோயுற்ற ஏழைகளை வீடுதேடிச் சென்று பார்த்தார்கள். லியோன் நகரில் இரண்டாவது இல்லம் தொடங்கும்போது அங்கிருந்த பேராயர், துறவுப் பெண்கள் அடைபட்டே வாழவேண்டும் என்றார். 1618இல் சபை மதிலுக்குள் போனது. நம் அகமரபு ‘இற்செறிப்பு’ என்று சொல்வதை நினைத்துக்கொள்கிறேன். ‘சந்திப்பு’ என்ற பெயர் மட்டும் மாறவில்லை. ஆனால் ஷாந்தால் ஓயவில்லை. புதிய இல்லங்களுக்காக ஊர் ஊராகப் பயணம் செய்தார். 1641இல் அவர் இறந்தபோது எண்பதுக்கும் மேற்பட்ட இல்லங்கள் இருந்தன. வாசலில் படுத்த மகனின் மகள்தான், பிரெஞ்சு இலக்கியத்தில் தன் கடிதங்களால் நிலைத்த மதாம் தெ செவிஞ்யே.

மூன்றாமவர் மதாம் தெ வாரன்ஸ். பதின்பருவத்திலேயே மணமுடிக்கப்பட்டவர். 1726இல் கணவரையும் நொடித்துக்கொண்டிருந்த காலுறைத் தொழிலையும் விட்டு, ஜெனீவா ஏரியைப் படகில் கடந்து வந்தார். கத்தோலிக்கராக மாறி, அரசர் தந்த உதவித்தொகையில் ஆன்சியில் வாழ்ந்தார். 1728இல் குருத்து ஞாயிறன்று, இன்னும் 16 நிரம்பாத ரூசோ அவரை முதன்முதலாகக் கண்டார். அந்த இடத்தைப் பொன் கிராதியால் சூழவேண்டும் என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். 1928இல் ஊர் அவ்வாறே செய்தது. பழைய ஆயர் மாளிகை முற்றத்தில் அது இன்றும் மின்னுகிறது.

ஓர் ஆண் ஒரு பெண்ணைக் கண்ட நொடிக்கான நினைவுச்சின்னம் அது. மூலிகை மருந்து செய்தவர், பல தொழில்களில் இறங்கித் தோற்றவர், 1762இல் ஷாம்பெரியில் வறுமையில் இறந்தவர் என்ற பெண் அந்தக் கிராதிக்குள் இல்லை. அவரது அந்தரங்கத்தை ரூசோவின் நூல் 1782இல் ஊரறியச் செய்தபோது, மறுத்துச் சொல்ல அவர் உயிரோடும் இல்லை.

ழுஸி வாழ்ந்த மடம் பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் பருத்தி ஆலையானது. அங்கே நூற்றுத் தேய்ந்த பெண்களும் சிறுவர்களும் தம்மைப் பற்றி எழுதிவைக்கவில்லை. அவர்களைக் கண்டு நெகிழ்ந்து எழுத ஒரு ரூசோவும் வரவில்லை. புனித கிளாரா என்ற பெயர் அந்தத் தெருவுக்கு நிலைத்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கே சந்தை கூடுகிறது.