ரூட் எங்கே இருக்கு? ஒரே ஒரு வரியின் வரலாறு

2010களின் நடுவில் கேரள அரசு 'லேர்ன் டு கோட்' திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ராஸ்பெர்ரி பை என்ற கையகல கம்ப்யூட்டர் போர்டைக் கொடுத்தது. 2018 ஜனவரியில் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் ஆரம்பமாயின. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பக்கத்து நம்ம தமிழ்ப் பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கூடங்களில் படிப்பவர்கள்தான். கடல் தாண்டி வந்த நம் வீடுகளிலும் இதே போர்டு கிடக்கிறது. எஸ்.டி. கார்டில் இருந்ததை யூ.எஸ்.பி. டிரைவுக்கு மாற்றினால் சில சமயம் போர்டு எழுந்திருக்காது. "செத்துப்போச்சுப்பா" என்று மூலையில் போட்டுவிடுவார்கள். சாகவில்லை, ஒரு வரிதான் தப்பு.

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். பொட்டி தட்டுகிற மக்கள் பொறுத்துக்கொள்ளவும் :)

காலையில் கிளையைத் திறப்பவர் பூட்லோடர். அவர் கர்னல் என்ற மேனேஜரை எழுப்பி, கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார். "பெட்டகம் இன்ன இடத்தில்" என்று அதில் இருக்கும். பெட்டகம்தான் ரூட் ஃபைல்சிஸ்டம், மொத்த கோப்புகளும் அங்கேதான்.

1991இல் லினக்ஸ் பிறந்தபோது இந்தச் சீட்டே கிடையாது. கர்னல் இமேஜின் 508, 509வது பைட்டுகளில் முகவரியைப் பதித்துவைத்தார்கள். மாற்ற 'ஆர்டெவ்' என்று தனி கட்டளை. பிறகு பூட்லோடரே 'ரூட்=' என்ற வரியை எழுதிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. சின்ன போர்டுகளில் பரவலான யூ-பூட்டில் அதன் பெயர் 'பூட்ஆர்க்ஸ்'. ராஸ்பெர்ரி பையில் 'சிஎம்டிலைன்' என்ற கோப்பு.

ஆனால் வரியில் எழுதிய பெயர் நிலையானதல்ல. யூ.எஸ்.பி. டிரைவுகளுக்கு, எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கே 'எஸ்டிஏ' என்று பெயர். இன்னொன்றைச் செருகினால் பெயர் மாறலாம்.

நம்ம ஊர் கதையும் இதுதானே! சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956இல் கேரளம், 1957இல் பாலக்காடு மாவட்டம். தேவிகுளம் திருவிதாங்கூரில் இருந்து கோட்டயம் மாவட்டத்துக்கு வந்து, 1972இல் இடுக்கிக்குப் போனது. வீடு நகரவில்லை, முகவரிதான் மாறிக்கொண்டே இருந்தது. பழைய முகவரிக்குக் கடிதம் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

அதனால்தான் பின்னாளில் 'பார்ட்-யூயூஐடி' வந்தது. அது கணக்கு எண் மாதிரி. டிரைவை எந்தத் துளையில் செருகினாலும் மாறாது. கூடவே 'ரூட்வெயிட்' என்று எழுதினால், மெதுவாக விழிக்கும் டிரைவுக்காகக் கர்னல் காத்திருக்கும். எண் தப்பென்றால் காத்துக்கொண்டே இருக்கும்! அதைத்தான் நாம் "செத்துப்போச்சு" என்கிறோம்.

ஒரு எச்சரிக்கை: கார்டை அப்படியே நகலெடுத்தால் எண்ணும் நகலாகும். ஒரே எண்ணில் இரண்டு கணக்கு என்றால் வங்கியில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நகலை ஒரே போர்டில் சேர்த்து மாட்டாதீர்கள். வேறு டிரைவுக்கு மாறினால் 'எஃப்எஸ்டேப்' கோப்பிலும் புது எண்ணை எழுதவேண்டும்.

மூலையில் கிடக்கும் போர்டை எடுத்து, அந்த ஒரு வரியை உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.