சொந்த வீடும் அயலவர் அனுமதியும்

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வாழும் என் மருமகனின் வீட்டில் தைப்பொங்கலை ஒட்டித் தங்கியிருந்தேன். வாசற்கதவுக்கு நீல வர்ணம் பூச அவன் கொடுத்த விண்ணப்பத்தை வீட்டு உரிமையாளர் சங்கம் நிராகரித்திருந்தது. கடன்பட்டு வாங்கிய வீட்டின் கதவுக்கும் அயலவர் அனுமதியா என்று கேட்டேன். "வாங்கும்போதே ஒப்பமிட்டுவிட்டேன், மாமா" என்றான்.

அந்த ஒப்பத்தின் வரலாறு லண்டனில் தொடங்குகிறது. 1808 இல் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தை விற்ற டல்க் என்பவர், அதில் கட்டடம் எழுப்பாது தோட்டமாகவே பேணவேண்டும் என நிபந்தனை விதித்தார். பின்னர் அதை வாங்கிய மொக்சே, நிபந்தனையை அறிந்திருந்தும் கட்டடம் எழுப்ப முனைந்தார். அறிந்து வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட்டவரே என 1848 இல் தீர்ப்பாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்சாஸ் நகரில் குடியிருப்புகளை அமைத்த ஜே. சி. நிக்கல்ஸ் இத்தகைய நிபந்தனைகளைக் காக்க வீட்டு உரிமையாளர் சங்கங்களையும் உருவாக்கினார். வீட்டின் தோற்றத்தை வரையறுத்த அதே உறுதிகள், கறுப்பினத்தவர் அங்கு குடியேறுவதையும் தடுத்தன. 1947 இல் உருவான நியூயோர்க்கின் லெவிட்டவுனிலும் இனத்தடை இருந்தது. வேலி அடைக்கவும் தடை. எல்லை வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய நம் யாழ்ப்பாணத்தவர் அங்கு எவ்வாறு வாழ்ந்திருப்பரோ!

சென் லூயிஸ் நகரில் 1945 இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வீடொன்றை வாங்கியது. 1911 இல் அயலவர் ஒப்பமிட்ட இனத்தடை அவ்வீட்டுக்கு உண்டு என்பதை அவர்கள் அறியார். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒன்பது நீதியரசருள் மூவர் காரணம் கூறாது ஒதுங்கிக்கொள்ள, இத்தகைய தடையை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என எஞ்சிய அறுவரும் 1948 இல் தீர்ப்பளித்தனர். 1968 இல் வீடமைப்புச் சட்டம் இனப் பாகுபாட்டையே தடைசெய்தது.

வர்ணம், வேலி பற்றிய விதிகளோ நிலைத்தன. ஒரு மீற்றருக்கு மேற்படாத செய்மதி அலைவாங்கியைப் பொருத்தும் உரிமையை 1996 இல் மத்திய அரசு காக்க நேர்ந்தது. தன் நாட்டுக் கொடியைத் தன் வீட்டில் ஏற்றவும் 2006 இல் தனிச் சட்டம் வேண்டியதாயிற்று!

சிக்காகோவில் யூதக் குடும்பமொன்று வாயில் நிலையில் பதித்திருந்த மெசூசா என்ற புனிதப் பேழையைத் தொடர்மாடிச் சங்கம் மீண்டும் மீண்டும் அகற்றியது. குடும்பத்தலைவரின் இறுதிக்கிரியை நாளிற்கூட விட்டுவைக்கவில்லை. அவர்கள் வழக்கைத் தொடர மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009 இல் இடமளித்தது.

இதை மருமகனுக்குச் சொன்னேன். சிரித்தான். பொங்கலன்று மாவிலைத் தோரணத்தைக் கதவின் உட்புறத்திலேயே கட்டினான்.